இடம் மாறிய இரண்டு வரிகள்

என் மனைவி வேலையில் மூழ்கிவிட்டால் செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிட்டு, நாற்காலியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். அலுவலகமாயிற்றே என்றும் பார்க்க மாட்டாள், மேனேஜர் வருகிறாரே என்றும் பார்க்க மாட்டாள். அவள் கால் தரையில் இருந்தால் வேலை எளிது, மேலே ஏறிவிட்டால் சிக்கல் என்று எங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு அங்கே கழுகு என்று பெயர். எவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தாலும் தவறு அவள் கண்ணுக்குத் தப்பாது. எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிதில் என்னைக் கோழிக்குஞ்சு என்று கேலி செய்தார்கள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்குப் பொதுவாகவே கோபம் வராது. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் விசாரணைக்கு அவளைத்தான் வரச் சொல்லியிருந்தீர்கள், மேடம். அவளுக்குப் பதிலாக நான் வந்திருக்கிறேன். அவள் வந்தால் ‘எல்லாம் என்னால்தான்’ என்று சொல்லியிருப்பாள். மனதார நம்பித்தான் சொல்வாள். ஆனால் அது உண்மை அல்ல. நான் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் தொழில் விஷயமும் வரும், புரியும்படி சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் கணினிக்கு இயங்குதளம் செய்யும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறோம். வீட்டுக் கணினிக்கு அல்ல, மருத்துவமனை மாதிரி இடங்களில் அணைக்காமலே ஓடுகிற கணினிகளுக்கு. தகவலைச் சேமிக்கும் டிஸ்க்கில் எழுதுவதும் அதிலிருந்து படிப்பதும் எங்கள் குழுவின் பொறுப்பு. குழுவுக்கு நான் தலைவன். கணினி ஒரு வேலையை டிஸ்க்கிடம் ஒப்படைக்கும்போது, வங்கியில் தருகிற மாதிரி ஒரு டோக்கன் எண்ணும் சேர்த்து அனுப்பும். ‘இதை எழுது, உன் எண் பதினேழு.’ எழுதி முடித்ததும் டிஸ்க் ‘பதினேழு முடிந்தது’ என்று பதில் சொல்லும். ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கான வேலைகள் போய்க்கொண்டிருக்கும். எந்தப் பதில் யாருக்கு என்று பிரித்துக் கொடுப்பது இந்த எண்தான்.

சில நேரம் டிஸ்க் சுணங்கும். பதில் வராது. கணினி பொறுத்துப் பார்த்துவிட்டு அந்த வேலையைக் கைவிட்டு எண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அங்கேதான் பிழை இருந்தது. டிஸ்க்கும் அந்த வேலையைக் கைவிட்டுவிட்டதா என்று கேட்டு உறுதி செய்யாமலே எங்கள் நிரல் அதே எண்ணை அடுத்த வேலைக்குக் கொடுத்துவிடும். பிறகு பழைய பதினேழின் பதில் ஆடி அசைந்து வந்து சேரும். கணினி அதைப் புதிய பதினேழின் பதில் என்று எடுத்துக்கொள்ளும். எழுதச் சொன்னவருக்கு ‘பத்திரமாக எழுதியாயிற்று’ என்று சேதி போய்விடும். எழுதியிருக்காது. கேட்பவருக்குச் சந்தேகமே வராது, அதுதான் அதில் மோசம்.

இதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். ஒரு பழைய டிஸ்க்கை வேண்டுமென்றே திணறவைத்துப் பிடித்தாள். அன்று முழுவதும் அலுவலகத்தில் சிரித்த முகமாக இருந்தாள்.

அன்று மாலைதான் என்னிடம் அதையும் சொன்னாள். பாத்திரம் துலக்கிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், அக்கா ஊருக்குப் போய்விடலாம் என்று இருப்பதாகச் சொன்னாள். அங்கேயே வேலை தேடிக்கொள்வதாகவும் சொன்னாள். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன்.

“இத்தனை நாளைக்குன்னு இல்லீங்க. போறேன். அவ்வளவுதான்.”

நான் என்ன குறை வைத்தேன் என்று கேட்டேன். அவள் குழாயை மூடிவிட்டு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். பொய் சொல்லத் தெரியாதவள், பதில் தேடித்தான் சொல்வாள்.

“நீங்க அடிச்சதில்ல, திட்டினதில்ல. குத்தம்னு எடுத்துச் சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்ல. ஆனா இந்த வீட்ல எனக்கு மூச்சு முட்டுது.”

அதை நான் இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன். அவளுக்கு அதிகம் பேசினால் தலைவலி வரும், அதனால் அவளுக்கு வரும் போன்களை நான் எடுத்தேன். அவள் தோழிகள் வந்தால் மணிக்கணக்கில் உட்கார்ந்துவிடுவார்கள், அதனால் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று இதமாகச் சொல்லி அனுப்பினேன். ஒரு பெரிய நிறுவனம் அவளை வேலைக்குக் கூப்பிட்டது. தினமும் அவ்வளவு தூரம் பயணம் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவள் சார்பில் நானே மரியாதையாக மறுத்துவிட்டேன். பிறகு ஒரு நாள் அவளிடம் அதைச் சொல்லவும் செய்தேன். ஒளிக்கவில்லை. கண்ணுக்கு இமை மாதிரி இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் அழவில்லை, கெஞ்சவில்லை. எப்போது கிளம்புகிறாய் என்று மட்டும் கேட்டேன்.

“இந்த டோக்கன் வேலையை முடிச்சுக் கொடுத்துட்டுப் போறேன். பாதியில விட்டா எனக்குத் தூக்கம் வராது.”

அவள் சொன்னால் சொன்னதுதான். ஆக, முடிந்தால் போவாள், முடியும் வரை போக மாட்டாள். இதை நான் சூழ்ச்சி செய்து யோசித்ததாக நினைக்காதீர்கள். அவள் வாயிலிருந்தே வந்தது.

திருத்தத்தை அவள் எழுதினாள். சரிபார்க்கும் பொறுப்பு என்னுடையது. படித்துப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அவ்வளவு சுத்தமாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ‘டிஸ்க்கிடம் கேள், கைவிட்டது உறுதியானால் எண்ணை எடு.’ சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். அவள் திருத்தம் கடைசியில் என் கோப்பில் இருக்கும் ஒரு சிறிய பகுதியைக் கூப்பிடும். கேட்பது ஒரு வரி, எண்ணை எடுப்பது ஒரு வரி என்று இரண்டு வரிகள் அங்கே அடுத்தடுத்து இருந்தன. அவள் திருத்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தேன். மறுநாள் என் கோப்பைச் சும்மா ஒழுங்குபடுத்துகிற சாக்கில் அந்த இரண்டு வரிகளையும் மேலது கீழாக மாற்றி வைத்தேன். எண்ணை எடுத்துவிட்டு, அப்புறம் கேட்கும். குழுத்தலைவன் செய்கிற சில்லறை மாற்றங்களை வேறு யாரும் பார்க்கத் தேவையில்லை என்பது எங்கள் வழக்கம்.

வேலியே பயிரை மேய்ந்தது என்று நினைக்கிறீர்கள். மேயவில்லை, மேடம். வேலியைக் கொஞ்சம் சாய்த்து வைத்தேன். சோதனை அறையோடு நிற்கும், வெளியே அனுப்புவதற்கு முன்பு நிமிர்த்திவிடலாம் என்று இருந்தேன்.

பிழை மறுபடி தலைகாட்டியது. அவளால் நம்ப முடியவில்லை. செருப்பைக் கழற்றினாள், கால் மேலே ஏறியது.

அந்த மழைக்காலம் முழுவதும் நாங்கள் இருவரும் சோதனை அறையில்தான் இருந்தோம். ஜன்னல் இல்லாத அறை, எந்நேரமும் மின்விசிறிகளின் இரைச்சல். பேச வேண்டுமானால் காதருகே வந்துதான் பேச வேண்டும். அவள் வந்து பேசினாள். ஒரே டப்பாவில் சாப்பிட்டோம். வெளியே மழை பெய்கிறதா நின்றுவிட்டதா என்று பந்தயம் கட்டி, தோற்றவர் மாடியேறிப் போய் டீ வாங்கி வர வேண்டும். அவள் ஒவ்வொரு தடமாகப் பிடித்துக்கொண்டு போவாள், நான் கூடவே போவேன். தடம் முட்டுச்சந்தில் முடியும்போது என் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரிப்பாள். அக்கா பேச்சையே எடுக்கவில்லை. எங்களுக்குள் பேச்சு குறைந்து போய் வெகு காலம் ஆகியிருந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவில் திரும்பி வந்தது.

அவள் பார்க்காத கோப்பு உலகத்தில் ஒன்றுதான் இருந்தது, என்னுடையது. ஒரு தடவை குழுவில் ஒருவர் கேட்டார், அந்தப் பகுதியையும் ஒரு கண் பார்க்கலாமே என்று. ‘அது அவர் எழுதினது, அதுல தப்பு இருக்காது’ என்றாள். வீட்டில் என்னோடு மூச்சு முட்டியவள்தான். வேலையில் என்னை அப்படி நம்பினாள்.

மழை விடுகிற சமயம், ஒரு நாள் டீக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“போகாம இருந்துடலாமான்னு தோணுது.”

 ஏதாவது சொன்னால் கலைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அன்றே அந்த இரண்டு வரிகளையும் பழையபடி வைத்துவிடலாம் என்று என் மேசைக்கு எழுந்துபோனேன். கோப்பைத் திறந்தும் வைத்தேன். பிறகு யோசித்தேன். தோன்றுகிறது என்றுதானே சொல்கிறாள். தோன்றுவது மாறவும் செய்யும். வேலை முடிந்ததும் அந்த எண்ணம் போய்விட்டால் என்ன செய்வது? இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று கோப்பை மூடினேன்.

 தண்ணீர் வேண்டாம், மேடம். சொல்லி முடித்துவிடுகிறேன்.

எங்கள் மேனேஜருக்கு ஆகட்டும் என்று பெயர். எதைக் கேட்டாலும் ஆகட்டும் என்பார், பாதி ஆகாது. மருத்துவமனை நெருக்குகிறது, மென்பொருளின் புதிய வெளியீட்டை உடனே அனுப்ப வேண்டும் என்று அவர் ஒரு நாள் கூட்டம் போட்டார். அவள் கூடாது என்றாள். டோக்கன் பிழை இன்னும் எங்கோ ஒளிந்திருக்கிறது, எப்போதாவது ஒரு தடவை வருகிறது, அது போதும் ஆபத்துக்கு என்றாள். நிறுத்தி வைப்பதானால் வேறு குழுவிலிருந்து ஆட்களை இறக்கி எல்லாக் கோப்பையும் முதலிலிருந்து படிக்கச் சொல்வதாக மேனேஜர் சொன்னார். எல்லாக் கோப்பையும் என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

அங்கே எனக்கு இரண்டு வழி இருந்தது. போய் வரிகளைச் சரிசெய்துவிட்டு முடிந்தது என்று சொல்லியிருக்கலாம். அவள் பெட்டியைக் கட்டியிருப்பாள். நிறுத்தி வைக்கட்டும் என்று விட்டிருக்கலாம், என் கோப்பு வெளிப்பட்டிருக்கும். நான் மூன்றாவது வழியைச் சொன்னேன். சோதனை அறையில் நாம் டிஸ்க்கின் கழுத்தை நெரிக்கிறோம், வெளியே யாரும் அப்படிச் செய்யப் போவதில்லை, இப்போது அனுப்பலாம், அடுத்த வெளியீட்டுக்குள் இவள் முழுமையாக முடித்துவிடுவாள் என்றேன். அடுத்த வெளியீடு ஆறேழு மாதம் தள்ளி.

அவள் என்னையே பார்த்தாள். முகத்தில் களைப்பு. நிதானமாகத்தான் சொன்னாள்.

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

மேனேஜர் ஆகட்டும் என்றார். அந்த ஒன்று ஆகிவிட்டது.

மருத்துவமனையில் நடந்தது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். கால் எலும்பு முறிந்து அறுவை சிகிச்சைக்கு வந்தவர். வலிக்குப் போடுகிற ஊசி, அளவு மீறினால் மூச்சை அடக்கிவிடுகிற வகை. பகல் நர்ஸ் ஊசி போட்டுவிட்டுக் கணினியில் பதிந்தார். பதிந்தாயிற்று என்று திரை சொன்னது. அங்கே ஒரு டிஸ்க் தேய்ந்து போய்ச் சுணங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஆள் மாறியது. அடுத்து வந்த நர்ஸ் திரையைப் பார்த்தார், ஊசி போட்டதாக இல்லை. நோயாளி அரை மயக்கத்தில் இருந்தார், அவரைக் கேட்க வழியில்லை. வலியில் முனகுகிறாரே என்று மறுபடி போட்டார். அவர் மூச்சு அடங்கிவிட்டது.

முதலில் பழி விழுந்தது பகல் நர்ஸ் தலையில். பதியாமலே பதிந்ததாகச் சொல்கிறார் என்று அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அத்தோடு விட்டிருந்தால் எங்கள் பெயரே வந்திருக்காது. என் மனைவிதான் விடவில்லை. சேதி காதில் விழுந்ததுமே எழுந்துவிட்டாள். தானே மருத்துவமனைக்குப் போய், அந்த டிஸ்க்கை வாங்கி வந்து, மூன்று நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, நர்ஸ் சொல்வது உண்மை, பொய் சொன்னது எங்கள் நிரல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மேனேஜர் தடுத்துப் பார்த்தார், அவர் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எப்படி நடந்தது என்று தேடத் தொடங்கினாள். தேடிக்கொண்டே போனால் என் கோப்புக்கு வந்துதான் தீர வேண்டும். ஆகவே நான் உதவினேன். என் பகுதியை நானே பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது என்றேன். அவளுடைய திருத்தத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். யார் எழுதினாலும் எங்காவது ஒரு சந்து இருக்கும், மேடம். அதிலும் இருந்தது. தலைமுடி நுழையாத சந்து. நடைமுறையில் அதன் வழியாக எதுவும் நழுவாது. நான் அதை விரலால் தொட்டுக் காட்டினேன். ‘இங்கே பாரும்மா’ என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், மற்றதை அவளே யோசித்துக்கொண்டாள்.

அவள் கால்களை மெதுவாகக் கீழே இறக்கினாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். “என்னாலதானா” என்று கேட்டாள். என்னைக் கேட்கவில்லை, திரையைக் கேட்டாள்.

அந்த ஓட்டுநர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். தனியாக விட முடியுமா, நானும் போனேன். சந்துக்குள் ஒரே அறை வீடு. ஓட்டுநரின் மனைவி தைத்துப் பிழைப்பவர். மெஷினைச் சுவரோரம் தள்ளிவிட்டு எங்களுக்குப் பாய் போட்டார். என் மனைவி உட்காரவில்லை. நின்றபடியே, அந்தக் கணினிக்கு நிரல் எழுதினது நான், தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டாள். நான் வாசல்படியில் நின்றேன். அந்த அம்மா அடிப்பார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கிட்டே வந்து என் மனைவியின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார்.

“வேணும்னேவா செஞ்சே? கை தவறினது தானே. சாப்பிட்டு எத்தனை நாளாச்சும்மா உனக்கு?”

என் மனைவி அப்படியே அவர் மடியில் சரிந்து அழுதாள். கணவனைப் பறிகொடுத்தவர் அவளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். தட்டிக்கொண்டே நிமிர்ந்து என்னைப் பார்த்து, “கூட்டிட்டுப் போய் நல்லாப் பாத்துக்கப்பா” என்றார். சரிம்மா என்றேன். அந்த வார்த்தையை நான் மீறவில்லை.

அதன் பிறகு அவள் கணினியைத் தொடவில்லை. வேலைக்குப் போகவில்லை. கூடத்தில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். சோற்றைப் பிசைந்து வைத்தால் சாப்பிடுவாள், இல்லையென்றால் இல்லை. தலை வாரிவிடுகிறேன். துணி எடுத்து வைக்கிறேன். ஒரு நாளும் நான் முகம் சுளித்ததில்லை. அவள் அக்கா விடாமல் போன் செய்தார். தூங்குகிறாள் என்று சொன்னேன். நேரில் வரட்டுமா என்று கேட்டார். வந்தால் இன்னும் அழுவாள், இப்போது வேண்டாம் என்றேன். அக்கா ஊருக்குப் போகிற பேச்சு முற்றிலும் நின்றுவிட்டது. போகிறேன் என்று அவள் இப்போதெல்லாம் சொல்வதே இல்லை.

போன வாரம் நான் குளித்துக்கொண்டிருந்தபோது அவள் உங்களுக்குப் போன் செய்திருக்கிறாள், தானே வந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதாக. அங்கேதான் எனக்குப் பதறியது. இந்த நிலையில் அவள் வெளியே வருவதா? பேருந்தில் ஏறி, இத்தனை படி ஏறி, தெரியாதவர்கள் நடுவில் உட்கார்ந்து பேசுவதா? அவளால் தாங்க முடியாது. அதற்குப் பதில் நானே வந்து சொல்லிவிடலாம் என்று தோன்றியது. வரிகளை மாற்றியது நான். தெரிந்தே வெளியே அனுப்பச் சொன்னது நான். அந்த மனிதர் இறந்ததும், நர்ஸ் வேலை போனதும் என்னால். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போட்டுவிடுகிறேன். ஒரே ஒரு விண்ணப்பம்தான். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உண்மை தெரிந்தால் அவள் மனப்பாரம் இறங்கிவிடுமே என்கிறீர்கள். நானும் அதை யோசிக்காமல் இல்லை. பாரம் இறங்கினால் எழுந்துவிடுவாள், மேடம். எழுந்தால் அவள் எங்கே போவாள், யார் பார்த்துக்கொள்வார்கள் என்று நீங்கள் யோசித்தீர்களா?

தண்டனை என்னவோ அதை வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்கு நான் சீக்கிரம் வீடு திரும்பியாக வேண்டும். சில நாட்களாக அவள் எழுந்து எழுந்து கதவருகே வந்து நிற்கிறாள். தெருவில் தனியாக இறங்கினால் வழி தெரியாமல் பயந்துவிடுவாளே என்று, வெளிப்பக்கம் பூட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.